இடுப்புப் பையில் ஒரு துண்டுக் காளான்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி மாணவர் பதினால்வருடன் ஒரு மலைக்குச் சென்றிருந்தேன். பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் அடிவாரம் சேர்ந்துவிடலாம் என்று கணக்கிட்டுப் புறப்பட்ட நாங்கள், மாலை ஐந்து மணியளவில் ஒற்றையடிப் பாதையைத் தவறவிட்டோம். ஆறு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ஒரு பாறையின் அடியில் ஒதுங்கி, தீ மூட்டலாம் என்று பார்த்தால், பதினைந்து பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு தீப்பெட்டிதான் இருந்தது. அதுவும் ஒரு மாணவனின் சட்டைப்பையில் நனைந்து கூழாகியிருந்தது. குச்சிகளை உள்ளங்கையில் வைத்தும் அக்குளில் வைத்தும் உலர்த்தினோம். குச்சிகள் ஒருவாறு உலர்ந்தன. ஆனால் உரசுவதற்குப் பெட்டியின் பக்கப் பட்டை இல்லையே! பல் கிட்டிக்க, ஒருவரை ஒருவர் ஒட்டி அமர்ந்து விடியலுக்காகக் காத்திருந்தோம். எவருக்கும் தீங்கு நேரவில்லை என்றால் அதற்கு எங்கள் சாமர்த்தியம் காரணம் அன்று.

நள்ளிரவில் ஒரு மாணவன் கேட்டான்: "சார், தீப்பெட்டியே இல்லாத காலத்தில் மலையில் அகப்பட்டுக்கொண்டவன் என்ன செய்திருப்பான்?"

கல்லைக் கல்லோடு தட்டித் தீ உண்டாக்கியிருப்பான் என்று பாடப் புத்தகத்தில் உள்ளபடி பதில் சொன்னேன். அது பிழையான பதில் என்பதைப் பின்னரே அறிந்துகொண்டேன். சரியான பதில் ஒரு மனிதனின் இடுப்புப் பையில் இருக்கிறது. அந்த மனிதன் இறந்து ஏறத்தாழ 5,300 ஆண்டுகள் ஆகின்றன. அவனைப் பற்றித்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

பனியிலிருந்து வந்தவன்

1991 ஆம் ஆண்டு செப்டம்பர் 19 ஆம் நாள். ஆஸ்திரியாவும் இத்தாலியும் சந்திக்கும் ஆல்ப்ஸ் மலைப் பகுதியில், 3,210 மீட்டர் உயரத்தில், ஹெல்முட் சைமன், எரிகா சைமன் என்னும் ஜெர்மானியத் தம்பதியர் நடந்து சென்றுகொண்டிருந்தனர். வழக்கமான பாதையைவிட்டுச் சற்று விலகியபோது, உருகும் பனியிலிருந்து ஒரு மனித உடலின் தோளும் தலையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கண்டனர். மலையேறச் சென்று இறந்துபோன எவனோ ஒருவன் என்றே எல்லாரும் எண்ணினர். அந்த எண்ணத்தால் உடலை மீட்டவர்கள் அதிகக் கவனம் காட்டவில்லை. காற்றழுத்தச் சுத்தியலால் பனியை உடைத்தபோது இடுப்புப் பகுதி சிதைந்தது. அருகில் இருந்த வில்லின் முனையும் முறிந்தது.

உடலுடன் கிடைத்த கோடரியைப் பார்த்தவுடனேயே இன்ஸ்புருக் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பேராசிரியர் கோன்ராட் ஸ்பிண்ட்லர், இது குறைந்தது நாலாயிரம் ஆண்டுப் பழமையுடையது என்றார். பின்னர்க் கதிரியக்கக் கரி முறையில் கணக்கிட்டபோது அவர் சொன்னதைவிடவும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பின்னே சென்றது. எட்ஸ்டால் மலைகளில் கிடைத்ததால் அவனுக்கு 'எட்ஸி' என்ற செல்லப் பெயர் வந்தது. எல்லைக்கோட்டை அளந்து பார்த்ததில் அவன் கிடந்த இடம் இத்தாலிக்குள் சுமார் 93 மீட்டர் தள்ளி இருந்தது. எனவே இன்று இத்தாலியின் போல்சானோ நகர அருங்காட்சியகத்தில், சுழிக்கு ஆறு பாகை கீழான குளிரில் வைத்துப் பாதுகாக்கப்படுகிறான்.

உலகில் பழைய உடல்களுக்குப் பஞ்சமில்லை. எகிப்தின் பிரமிடுகளிலும் ஆதிச்சநல்லூர்த் தாழிகளிலும் எலும்புகளோடு பொருள்களும் கிடைத்துள்ளன. ஆனால் அவை எல்லாம், இறந்தவனுக்கென்று உறவினர் எடுத்து வைத்தவை. எட்ஸியுடன் கிடைத்தவற்றை எவரும் எடுத்து வைக்கவில்லை. ஒரு நாள் காலையில், நாம் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டு வீட்டைவிட்டுப் புறப்படுவது போல், அவன் தானே எடுத்துச் செருகிக்கொண்டு புறப்பட்ட பொருள்கள் அவை. அன்றாட வாழ்க்கைக்கு மனிதன் எதை எதைச் சுமந்தான் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேறு இல்லை.

அவன் சுமார் 45 வயதினன். ஏறத்தாழ 160 சென்டிமீட்டர் உயரம். ஆட்டுத்தோல்களைத் தைத்த மேலங்கி, கால்களுக்குத் தனித்தனித் தோல் உறைகள், கரடித்தோல் தொப்பி அணிந்திருந்தான். காலணியின் உட்புறம் நார் வலையில் உலர்ந்த புல்லை அடைத்திருந்தான். புல்லின் இடுக்கில் சிறைப்பட்ட காற்று வெப்பத்தைக் கடத்தாது.  யூ மரத்தில் செய்த 182 சென்டிமீட்டர் வில் ஒன்று, தோல் அம்பறாத்தூணி, செப்புக் கோடரி, முதுகுச் சுமைக்கு ஹேசல் கம்பை வளைத்துச் செய்த சட்டம் ஆகியவையும் இருந்தன. கோடரியின் தகடு ஏறக்குறையத் தூய செம்பு. அந்தச் செம்பு மத்திய இத்தாலியின் டஸ்கனிப் பகுதிக் கனிமத்திலிருந்து வந்தது என்று 2017 இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. எல்லாரும் வியந்து பேசுவது இந்தக் கோடரியைத்தான். எனக்கோ அவனுடைய இடுப்புப் பையின் மீதுதான் மோகம்.

அந்தப் பை கன்றுத்தோல் இடுப்பு வாரில் தைக்கப்பட்டிருந்தது. நம் பாட்டிமார் வெற்றிலை பாக்கு போட்டு இடுப்பில் செருகிக்கொள்ளும் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். அதனுள் சுரண்டுவதற்கு ஒன்று, துளையிடுவதற்கு ஒன்று, அறுப்பதற்கு ஒன்று என மூன்று சிறு சிக்கிமுக்கிக் கல் கருவிகள் இருந்தன. செருப்புத் தைப்பவரின் குத்தூசி போன்ற, ஏழு சென்டிமீட்டர் நீளமுள்ள எலும்பு ஊசி ஒன்றும் இருந்தது. மீதி இடத்தை எல்லாம் பஞ்சுபோல் பிய்க்கப்பட்ட ஒரு கருநிறப் பொருள் அடைத்துக்கொண்டிருந்தது. அது ஒரு மரக்காளான்.

தீப்பொறியின் கணக்கு

குதிரைக் குளம்பின் வடிவில் பிர்ச், பீச் மரங்களில் ஒட்டி வளரும் கெட்டியான காளான் அது. அதன் மேலோட்டை நீக்கி, உள்ளே உள்ள தோல் போன்ற பகுதியைத் தட்டிப் பிய்த்தால் பஞ்சு போலாகும். அந்தப் பஞ்சில் கண்ணுக்குப் புலப்படாத சிறு துகள்கள் ஒட்டியிருந்தன. உருப்பெருக்கியில் ஆராய்ந்தபோது அவை இரும்புப் பைரைட்டு எனத் தெரிந்தது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த, பொன்போல் மின்னும் கனிமம் அது. பைரைட்டுக் கட்டி எதுவும் அவனிடம் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் காளானுக்கு மேல் எப்போதோ பைரைட்டைத் தட்டியிருக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை.

இங்கேதான் என் பதிலின் பிழை இருக்கிறது. இரண்டு சிக்கிமுக்கிக் கற்களை எவ்வளவு தட்டினாலும் தீ பிடிக்காது. நீங்களே இரண்டு வெண்கூழாங்கற்களை எடுத்து இருட்டறையில் உரசிப் பாருங்கள். மங்கலான ஒளி தோன்றும். ஒருவிதக் கருகல் நாற்றமும் எழும். ஆனால் பஞ்சு எரியாது. கல் உடையும்போது வெளிப்படும் ஒளியே அதில் பெரும்பங்கு. தீ மூட்டும் பொறிக்கோ எரியக்கூடிய பொருள் வேண்டும். சிக்கிமுக்கி ஏற்கெனவே ஆக்சிஜனுடன் கூடிய சிலிக்கா ஆதலால் அது மேலும் எரிய இடமில்லை. பைரைட்டு அப்படியன்று. கெட்டியான சிக்கிமுக்கியின் விளிம்பால் அதைத் தட்டும்போது நுண்ணிய துகள்கள் பெயர்கின்றன. அவற்றின் புதிய பரப்பு காற்றுப் பட்டதும் எரிந்து சிவக்கிறது. எரிவது பைரைட்டு, சிக்கிமுக்கி வெறும் உளிதான். பிற்காலத்தில் பைரைட்டின் இடத்தை எஃகு பிடித்துக்கொண்டபோதும் எரிந்தது எஃகுதான். ஆனாலும் பெயரும் புகழும் கல்லுக்கே போய்ச் சேர்ந்துவிட்டன!

சரி, பொறி கிடைத்துவிட்டது. உடனே சுள்ளியைப் பற்ற வைக்க முடியுமா? முடியாது. தீபாவளிக்கு மத்தாப்புக் கொளுத்தும்போது அதன் பொறிகள் உங்கள் கையில் விழுந்திருக்கும். அவற்றின் வெப்பநிலை பல நூறு பாகை. ஆனாலும் 'சுருக்' என்பதோடு சரி, கை வெந்துபோவதில்லை. ஏன்? பொறியின் வெப்பநிலை அதிகம். அதனிடம் உள்ள வெப்பம் மிகக் குறைவு. நிறை அவ்வளவு சிறியது. வெப்பநிலையும் வெப்பமும் ஒன்றல்ல என்று ஒவ்வோர் ஆண்டும் முதலாண்டு வகுப்பில் தொண்டை வறள நான் சொல்லும் பாடம் இதுவே. எனவே அந்தச் சிறிதளவு வெப்பத்தையும் வீணாக்காமல் ஏற்றுக்கொண்டு கனியக்கூடிய, மிக மெல்லிய இழைகளாலான பொருள் ஒன்று வேண்டும். காளான் பஞ்சு சுவாலைவிட்டு எரியாது. பீடி நுனிபோல் மெல்ல மெல்லக் கனிந்துகொண்டே போகும். அதன்மேல் உலர்ந்த புல்லை வைத்து ஊதினால் தீ.

இதை எல்லாம் ஈர மழையில், விறைத்த விரல்களால் செய்வது எளிதன்று என்பது எட்ஸிக்கும் தெரிந்திருந்தது. ஆகவே அவன் இன்னொரு வழியும் வைத்திருந்தான். பிர்ச் மரப்பட்டையை வளைத்துத் தைத்த, ஒரு சாண் உயரமுள்ள இரு உருளைப் பாத்திரங்கள் அவனுடன் கிடைத்தன. ஒன்றின் உட்புறம் கறுத்திருந்தது. அதனுள் மேப்பிள் மர இலைகளும் கரித்துண்டுகளும் இருந்தன. அடுப்பிலிருந்து எடுத்த தணலை இலைகளில் பொதிந்து எடுத்துச் சென்றிருக்கிறான்! அடுத்த தங்கலில் தட்டவும் வேண்டாம், உரசவும் வேண்டாம். திறந்து ஊதினால் போதும்.

மரப்பட்டைப் பாத்திரத்தில் தணலைக் கொண்டு போனால் பாத்திரமே எரிந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். இலைகள் பச்சை இலைகள். ஐயாயிரம் ஆண்டு கழித்தும் அவற்றில் பச்சையத்தின் தடயம் இருந்தது. உதிர்ந்த சருகாயின் அது இருந்திராது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 540 கலோரி வெப்பம் வேண்டும். இலையில் ஈரம் உள்ளவரை அதன் வெப்பநிலை நீரின் கொதிநிலையைத் தாண்டாது. அந்த உயரத்தில் கொதிநிலை 100 பாகைகூட இல்லை, 90 பாகைக்கும் சற்றுக் குறைவு. அது மட்டுமன்று, இலைப்பொதி காற்றின் வரவைக் குறைப்பதால் தணல் விரைவில் எரிந்து தீராமல் பல மணி நேரம் கனிந்திருக்கும். நம் ஊர்களில் அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடி வைத்து மறுநாள் காலையில் கிளறி எடுத்த பெண்கள் கையாண்டதும் இதே வழிதான்.

அவனிடம் தோல்வாரில் கோத்த வேறொரு வகைக் காளான் துண்டுகள் இரண்டும் இருந்தன. பிர்ச் மரத்தில் வளரும் வெண்ணிறக் காளான் அது.  அவன் குடலில் சாட்டைப்புழுவின் முட்டைகள் காணப்பட்டதால், அதைப் புழு நீக்கும் மருந்தாகக் கொண்டு சென்றிருக்கலாம் என்று சில அறிஞர்கள் கருதுகின்றனர். எல்லாரும் ஒப்புக்கொண்ட கருத்தன்று அது. ஆயினும் எனக்குப் பிடித்த கருத்து.

குறைந்துகொண்டே வந்த கையிருப்பு

இவ்வளவு முன்யோசனை உள்ளவன் எப்படி இறந்தான்? குளிரில் மயங்கி விழுந்து உறைந்துபோனான் என்றே பத்து ஆண்டுகள் எழுதிவந்தனர். 2001 இல் எடுத்த எக்ஸ்ரே படத்தில் இடது தோளுக்குள் ஒரு கல் அம்புமுனை தெரிந்தது. பின்னாலிருந்து எய்யப்பட்ட அம்பு தோளுக்கு அடியில் உள்ள பெருந்தமனியைக் கிழித்திருந்தது. வலக் கையில், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே ஆழமான வெட்டுக்காயம். அது இறப்பதற்குச் சில நாள் முன்பு ஏற்பட்டது.

இதைத் தெரிந்துகொண்டு அவன் மூட்டையை மறுபடி பாருங்கள். வில் முழுமை பெறவில்லை. செதுக்கிக்கொண்டிருந்த நிலையிலேயே இருக்கிறது. அம்பறாத்தூணியில் பதினான்கு அம்புகள். அவற்றில் முனையும் சிறகும் பொருத்திய அம்புகள் இரண்டே, அவையும் முறிந்தவை. மற்றப் பன்னிரண்டும் வெறும் தண்டுகள். 2018 இல் இத்தாலிய ஆய்வாளர்கள் அவனுடைய கல் கருவிகளை உருப்பெருக்கியில் ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டனர். கருவிகள் அனைத்தும் மீண்டும் மீண்டும் தீட்டப்பட்டுத் தேய்ந்து, ஏறக்குறையத் தீரும் நிலைக்கு வந்திருந்தன. கத்தியின் முனை உடைந்திருந்தது. புதுக் கல் எடுக்கும் இடத்திற்கு அவன் சில காலமாகச் செல்லவில்லை. கலைமான் கொம்பு முனை பொருத்திய பென்சில் போன்ற ஒரு கோலால் இருந்தவற்றையே சீவிச் சீவிக் கூராக்கிக்கொண்டிருந்தான்.

வலக்கைப் பழக்கமுள்ள ஒருவன், வலக்கை கிழிந்த நிலையில், ஊருக்குப் போக முடியாமல், மூன்றாயிரம் மீட்டர் உயரத்தில் ஒரு புது வில்லைச் செதுக்க முயல்கிறான். பையில் உள்ள ஒவ்வொன்றும் தேய்ந்துகொண்டே வருகிறது. தீ மட்டும் குறைவில்லை. அவன் வயிற்றில் காட்டாட்டு இறைச்சியும் கொழுப்பும் மானிறைச்சியும் கோதுமை வகைத் தானியமும் இருந்தன; இறப்பதற்குச் சற்று முன்புதான் நன்றாக உண்டிருக்கிறான். குளிரும் பசியும் அவனைக் கொல்லவில்லை. அவற்றுக்கு எல்லாம் விடை அவன் பையில் இருந்தது. மறைந்திருந்து அம்பு எய்தவனுக்கு விடை எந்தப் பையிலும் இல்லை.

நனைந்த தீப்பெட்டி

எஃகும் கல்லும் பஞ்சும் அடங்கிய தகரப் பெட்டி பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் வீட்டுக்கு வீடு இருந்தது. 1826 இல் ஜான் வாக்கர் என்ற ஆங்கில மருந்துக்கடைக்காரர், ஆன்ட்டிமனி சல்பைடும் பொட்டாசியம் குளோரேட்டும் தடவிய குச்சியை உரசித் தீ உண்டாக்கினார். மறு ஆண்டில் விற்பனையும் தொடங்கினார். அதன்பின் வந்த வெண்பாஸ்பரசுக் குச்சி எங்கு உரசினாலும் பற்றும்; ஆனால் அதைச் செய்த தொழிலாளரின் தாடை எலும்பு அழுகியது. அதைத் தடுக்கவே 1844 இல் சுவீடனின் குஸ்தாவ் எரிக் பாஷ், பாஸ்பரசைக் குச்சியிலிருந்து பிரித்துப் பெட்டியின் பக்கத்தில் தடவும் முறையைக் கொண்டுவந்தார். சிவகாசியில் 1923 முதல் செய்யப்பட்டு வருவதும் நம் அடுப்படியில் இருப்பதும் இந்த வழியில் வந்தவையே. வீட்டுக்கு இது காப்புத் தீப்பெட்டிதான். மழையில் நனைந்த மலையில், பட்டை கூழாகிப்போனால், நாற்பது குச்சி இருந்தும் ஒன்றுக்கும் ஆகாது. காப்புக்காகச் செய்த மாற்றமே அன்றிரவு எங்களைக் கைவிட்டது.

வட்டத்தில் நடப்பவர்கள்

தீ இருந்தாலும் வழி தெரிய வேண்டுமே! காட்டில் தொலைந்தவன் நேராக நடப்பதாக எண்ணிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வருவான் என்று கதைகளில் படித்திருப்பீர்கள். 2009 இல் ஜெர்மனியின் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தனர். காட்டிலும் சகாராப் பாலைவனத்திலும் சிலரை நேராக நடக்கச் சொல்லி, அவர்கள் போன வழியைச் செயற்கைக்கோள் மூலம் பதிவு செய்தனர். சூரியனோ நிலவோ தெரிந்தவரை ஓரளவு நேராக நடந்தனர். மேகம் மூடியதும் தம்மை அறியாமலே வளைந்து, தாம் வந்த தடத்தையே வெட்டிக் கடந்தனர். கண்ணைக் கட்டிவிட்டபோதோ சிலர் இருபது மீட்டர் வட்டத்துக்குள்ளேயே சுழன்றனர்.

இரண்டாம் உலகப் போரில் பகைவர் நாட்டில் வீழும் விமானிகளுக்கு இந்த ஆபத்து மிகுதி. 1939 டிசம்பரில் பிரிட்டன் இதற்கென்றே 'எம்.ஐ.9' என்ற பிரிவை அமைத்தது. கிறிஸ்டஃபர் கிளேட்டன் ஹட்டன் என்பவர் அதன் கருவி வல்லுநர். மேலதிகாரிகளுக்குப் பெரும் தலைவலி என்றும் பெயர் எடுத்தவர். காகித வரைபடம் சோதனையின்போது சலசலக்கும், நனைந்தால் கிழியும் என்று பட்டுத் துணியில் வரைபடம் அச்சிட்டார். மை ஊறிப் பரவியபோது, பழப்பாகு உறையக் காரணமான பெக்டினை மையில் கலந்து அதைத் தடுத்தார். சட்டைப் பொத்தானுக்குள் திசைகாட்டி வைத்தார். சவர அலகுகளையே காந்தமாக்கினார். கைக்கு அடக்கமான ஒரு பெட்டியில் மால்ட் பால் மாத்திரை, குடிநீரைத் தூய்மையாக்கும் மாத்திரை, ரப்பர் நீர்ப்பை, திசைகாட்டி, தீக்குச்சி, ஊசி நூல் ஆகியவற்றை அடைத்தார். எட்ஸியின் பைக்கும் இதற்கும் இடையே ஐயாயிரம் ஆண்டு. பொருள்களின் நோக்கத்தில் எவ்வளவு சிறிய வேற்றுமை!

அமெரிக்காவின் சியாட்டில் நகர மலையேறுவோர் சங்கம் 1930களில் தன் மாணவர்களுக்குச் சொல்லிவந்த பட்டியல், 1974 இல் பத்துப் பொருள்களாக அச்சேறியது. அதிலும் கத்தி, தீ மூட்டி, தீக்குச்சி, மாற்றுடை, உணவு, மருந்து, திசைகாட்டி என்றே போகிறது. செல்பேசி வந்த பின் இதெல்லாம் எதற்கு என்பார் உண்டு. கடுங்குளிரில் மின்கலத்தின் திறன் எப்படிச் சரியும் என்று அவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும்.

திசைகாட்டி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காந்த ஊசி வடக்கை மட்டும் காட்டுவதில்லை. பூமியை நோக்கிச் சாயவும் செய்கிறது. லண்டனில் அந்தச் சாய்வு 66 பாகை அளவுக்கு இருக்கும். நம் தென் மாவட்டங்களிலோ ஊசி ஏறத்தாழக் கிடையாகவே நிற்கும். காந்த நடுக்கோடு அருகில் செல்வதே காரணம். ஆகவே வடநாடுகளுக்கென்று ஒரு பக்கம் எடை கூட்டிச் செய்த திசைகாட்டியை இங்கே கொண்டுவந்தால் ஊசி ஒரு பக்கம் தாழ்ந்து கண்ணாடியில் உரசும். வாங்குமுன் மட்டமாகப் பிடித்துப் பாருங்கள்.

வாங்காமலே செய்துகொள்ளவும் முடியும். ஒரு தையல் ஊசியைக் காந்தத்தின் வடமுனையால், காதிலிருந்து கூர்நுனி நோக்கி ஒரே திசையில் நாற்பது முறை தேயுங்கள். திரும்பும்போது காந்தத்தைத் தூக்கிக்கொள்ள வேண்டும். தேய்ப்பு முடியும் கூர்நுனி தென்முனை ஆகும். ஒரு சிறு துண்டு உலர்ந்த இலைமேல் ஊசியை வைத்துக் கண்ணாடிக் கிண்ணத்து நீரில் மிதக்கவிடுங்கள். எவர்சில்வர் பாத்திரம் வேண்டாம். சில வகை ஊசியை இழுக்கும். காதுப் பக்கம் வடக்கே திரும்பி நிற்கும். காதில் ஒரு சிவப்பு நூல் கோத்துவிட்டால் இருட்டு வேளையில் குழப்பம் வராது. அந்த மலைப் பயணத்திற்குப் பின் என் மாணவர்கள் செய்த ஊசிகளில் ஒன்று என் பையில் ஒரு மாத்திரைச் சீசாவில் கிடக்கிறது. அதே சீசாவில் பன்னிரண்டு தீக்குச்சிகளும், தீப்பெட்டியின் பக்கத்திலிருந்து வெட்டி எடுத்த ஒரு துண்டுப் பட்டையும் இருக்கின்றன.